எதிர்த்த கடை திறக்கட்டும்

கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின்னின் மேல் உட்கார்ந்து அரை டம்ளர் கட்டிங் டீயை ஊதிக்கொண்டிருக்கிறார் முத்துசெல்வம். முதுகுக்குப் பின்னால் அவருடைய கடை திறந்துதான் கிடக்கிறது. சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தியாகிவிட்டது. மெஷின் ஓட்டுகிற ராம்பிரவேஷ் மை பாட்டில்களைக் குலுக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கம்ப்யூட்டரை மட்டும் இன்னும் போடவில்லை.

"சேட், சாலு கரூ?" போடட்டுமா என்று இந்தியில் கேட்கிறார்.

"ருக்கோ" என்று நிறுத்தி வைக்கிறார் முத்துசெல்வம். பிறகு தமிழில், டீயைப் பார்த்துச் சொல்வது போல, "எதிர்த்த கட தொறக்கட்டும்."

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற அந்தச் சந்தில், எதிரும் புதிருமாக வருகிற இரண்டு பேரில் ஒருவர் உடம்பை ஒருக்களித்தால்தான் மற்றவர் போக முடியும். எதிர்த்த கடையின் வாசலில் துப்பினால் இந்தக் கடையில் தெறிக்கும். அது அவருடைய தம்பி தங்கப்பழத்தின் கடை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே தொழில்: ஃப்ளெக்ஸ் பேனர். பிள்ளைக்குக் காது குத்தினாலும், கோயிலில் கொடை வைத்தாலும், கட்சிக்காரருக்குப் பிறந்தநாள் வந்தாலும் இந்தச் சந்துக்குத்தான் வர வேண்டும். செத்தாலும் இங்கேதான். பெற்ற தாய்க்கு அழக்கூட நேரமில்லாத பம்பாயில், கண்ணீர் அஞ்சலி பேனர் மட்டும் பொழுது சாய்வதற்குள் மூலையில் கட்டப்பட்டுவிடும்.

முத்துசெல்வத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் கடைச் சாவியும் ஒரு பென் டிரைவும் சேர்ந்து தொங்குகின்றன. நடக்கும்போது இரண்டும் மோதிக் கிணுகிணுக்கும், மாடு வருகிறது என்று ராம்பிரவேஷ் இந்தியில் கிண்டலடிப்பார். பேனரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும்போது கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். "மேலேர்ந்து படிச்சா கண்ணு ஏமாத்திரும். கீழேர்ந்து வந்தா ஒவ்வொரு எழுத்தும் கால்ல முள்ளு மாதிரி குத்தும்" என்பது அவர் கட்சி. அவர் படித்தால்தான் உண்டு. பேனர் கேட்டு வருகிற பையன்களுக்குத் தமிழ் பேச்சோடு சரி. எழுத்தென்றால் பூச்சி ஊர்கிற மாதிரிதான். "அங்கிள், கரெக்டா இருக்கா?" என்று அவரிடமே கேட்பார்கள்.

அஞ்சலி பேனர் என்று யாராவது வந்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி பெயரோ தேதியோ அல்ல. "சிரிச்சாப்ல படம் இருக்கா? இருந்தா கொண்டா. செத்தவன் மொறச்சிக்கிட்டு நின்னா சந்துல போற சின்னப் பிள்ள பயந்துரும்." ஆதார் அட்டைப் படத்தைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். துக்க வீட்டுக்காரன் திட்டிக்கொண்டே போய், எந்தக் கல்யாணத்திலோ எடுத்த படத்தைத் தேடிக் கொண்டுவருவான்.

தன் மகனுக்கு அவர் அதைச் செய்யவில்லை. செய்ய முடியவில்லை. விக்ரோலியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன், ஒரு காலைக் கூட்டத்தில் லோக்கல் டிரெயினின் கதவில் தொங்கிக்கொண்டு போனவன், குர்லாவுக்கு இந்தப் பக்கம் விழுந்தான். அன்றைக்குப் பேனர் அடித்தது எதிர்த்த கடையில். தங்கப்பழம்தான் படம் தேடி, எழுத்துக் கோத்து, அண்ணன் மகனைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தார். அடித்து முடிக்கும் வரை மூக்கைச் சிந்திக்கொண்டே நின்றார் என்று சந்தில் சொல்வார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்து ஒற்றை அறைக் கோளியில் முத்துசெல்வத்தின் மனைவி ஆறுமுகத்தாய்க்கு அதற்குப் பிறகு டிரெயின் சத்தம் ஆகவில்லை. சாத்தான்குளத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போனார். போனவர் இன்னும் திரும்பவில்லை.

பையன் பெயர் சுயம்பு. எதிர்த்த கடைப் பையன் பெயரும் சுயம்புதான். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர். அண்ணனுக்கும் ஒரு மூத்த பிள்ளை, தம்பிக்கும் ஒரு மூத்த பிள்ளை. ஒன்று பெரிய சுயம்பு, இன்னொன்று சின்ன சுயம்பு. வீட்டுக்குள் அதில் குழப்பமே வந்ததில்லை. குழப்பம் வந்தது கம்ப்யூட்டருக்கு.

இரண்டு கடைக்கும் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் சாதியா என்கிற பெண். கடையநல்லூர்க் குடும்பம், குர்லாவில் பழுது பார்க்கும் கடை. ஸ்க்ரூ டிரைவரையெல்லாம் டிபன் கேரியர் பையில் போட்டுக்கொண்டு வருவார், சோறு கொண்டுவருகிறார் என்றே பலர் நினைப்பார்கள். புதுக் கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அந்தப் பெயரைச் சொல்லித்தான் மற்ற கம்ப்யூட்டர்கள் அதைக் கூப்பிடும். ஆளாளுக்கு ஏதாவது வைத்துவிட்டு மறந்துபோவதைப் பார்த்துப் பார்த்து சாதியா ஒரு வழக்கம் வைத்திருந்தார். "மூத்த பிள்ள பேரு சொல்லுங்க அண்ணாச்சி. அது ஒண்ணுதான் ஒங்களுக்கு மறக்காது." முத்துசெல்வத்தின் மெஷினோடு சேர்ந்த கம்ப்யூட்டர் அப்படித்தான் சுயம்பு ஆனது. முன்னால் மேஜையில் டிசைன் செய்து, சுயம்பு என்கிற பெட்டியில் போட்டால் போதும். பின்னால் மெஷினிடம் போய்விடும், அங்கே அச்சாகும். பிறகு அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டு, தம்பி எதிரில் கடை போட்டபோது, சாதியா அங்கேயும் போய் மூத்த பிள்ளையின் பெயரைக் கேட்டார். அங்கேயும் அதே பதில் கிடைத்தது.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. இரண்டு கடைக்கும் ஒரே இன்டர்நெட் போதுமே என்று பையன்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் ஷீட் கூரைகளின் மேல் பூனை மாதிரி ஏறி, சந்துக்குக் குறுக்கே ஒரு நீல வயரை இழுத்துக் கட்டினார்கள். மறுநாள் காலையில் முத்துசெல்வத்தின் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னது. அவர் பயந்துபோய் மகனைக் கூப்பிட்டார். மகன் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒண்ணுமில்லப்பா. இந்தப் பேருல இன்னொருத்தன் இருக்கானாம். அவன் முந்திக்கிட்டானாம்."

யார் முதலில் போடுகிறார்களோ அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெயர். பிந்திப் போடுகிறவருக்குப் பெயர் இல்லை, அந்தச் செய்திதான். சாதியாவிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் சரி செய்துவிடுவார். பையன்கள் சொல்லவில்லை. அதை விளையாட்டாக்கிக்கொண்டார்கள். காலையில் இரண்டு பேரும் பல்லைக்கூடச் சரியாகத் தேய்க்காமல் கடைக்கு ஓடிவந்து சுவிட்சைப் போடுவார்கள். தோற்றவன் வடாபாவ் வாங்கித் தர வேண்டும். "பெரியப்பா, ஒங்க மெஷினு என்ன சொல்லுது?" என்று எதிரிலிருந்து சின்ன சுயம்பு கத்துவான். "நீ இருக்கன்னு சொல்லுதுல" என்று இவர் பதிலுக்குக் கத்துவார். இங்கே அடிக்க வேண்டியது தவறிப்போய் எதிரில் அச்சாகும், அங்கே அடிக்க வேண்டியது இங்கே அச்சாகும். இரண்டு அப்பாக்களும் திட்டுவார்கள், மாற்றிக்கொள்வார்கள். அந்தக் கடைகள் நன்றாக இருந்த காலம் அது.

பெரிய சுயம்பு போன பிறகு முத்துசெல்வம் ஒரு மாதம் கடையைத் திறக்கவில்லை. திறந்த அன்று தம்பி கடை ஏற்கெனவே திறந்திருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டார். அந்தச் செய்திப் பெட்டி திறந்தது. இந்தப் பேருல இன்னொருத்தன் இருக்கான். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதை மூடச் சொல்லி மெஷின் கேட்டுக்கொண்டே இருந்தது, வெகுநேரம் அவர் மூடவில்லை.

அன்றிலிருந்துதான் பெயின்ட் டின். ஊரில் எல்லாரும் முந்தப் பார்ப்பார்கள், இவர் பிந்துவதற்காக விடிந்ததும் வந்து உட்காருவார். எதிர்த்த ஷட்டர் ஏறி, உள்ளே கம்ப்யூட்டரின் நீல வெளிச்சம் தெரிந்த பிறகுதான் எழுந்து போய்த் தன் சுவிட்சைப் போடுவார். செய்தியைப் படிப்பார். மூடுவார். வேலை தொடங்கும். பெயர் எதிரில் போய்விட்டதால் சுயம்பு பெட்டியில் எதைப் போட்டாலும் தம்பி கடைக்குப் போய்விடும். அதற்காகத்தான் கழுத்தில் அந்தப் பென் டிரைவ். ஒவ்வொரு டிசைனையும் அதில் ஏற்றி, எழுந்து நடந்து, பின்னால் மெஷினுக்குக் கொண்டுபோய் இறக்குவார். ராம்பிரவேஷுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. சொல்லவும் சொன்னார். "டீக் ஹை, டீக் ஹை" என்று இவர் கிணுகிணுத்துக்கொண்டு போய்விட்டார்.

எதிர்த்த கடையில் இதற்கு வேறு கணக்கு. ஒரு மனுஷன் தினமும் எதிரில் உட்கார்ந்து, தன் பிள்ளை வந்து ஷட்டரைத் தூக்குவதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் பெற்றவளுக்கு என்ன தோன்றும்? தங்கப்பழத்தின் மனைவி உமாமகேஸ்வரிக்கு அதுதான் தோன்றியது. முதலில் மகனுக்கு மிளகாய் வற்றல் சுற்றிப் போட்டார். பிறகு வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டினார். 'பெரியத்தான்' என்று கூப்பிடுவதை எப்போது விட்டார் என்று யாருக்கும் நினைவில்லை.

வருஷம் திரும்பி வந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலியைத் தானே செய்ய வேண்டும் என்று முத்துசெல்வம் உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்த படம் ஒன்று இருந்தது, கூரை மேல் நீல வயரைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரிக்கிற படம். அதைக் கீழே பெரிதாக வைத்தார். மேலே கறுப்புப் பட்டையில் 'கண்ணீர் அஞ்சலி', 'எங்கள் சுயம்பு' என்று எழுதினார், வருஷமும் தேதியும் படத்துக்கு அடியில். கீழிருந்து மேலே படித்துப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. முடித்ததும் கை பழைய தடத்தில் போய்விட்டது. கழுத்துக் கயிற்றைத் தொடாமல், மகன் இருந்த காலத்தில் செய்த மாதிரியே பெட்டியில் போட்டுவிட்டு, முகம் கழுவ வெளியே போனார்.

அந்த வாரம் சின்ன சுயம்பு சயான் ஆஸ்பத்திரியில் டெங்குக் காய்ச்சலோடு கிடந்தான். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கப்பழம் அங்கே இருந்தார். மகனுக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த உமாமகேஸ்வரி கடைக்குள் நுழைந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் எது வந்து விழுந்தாலும் அடிப்பதுதான் அங்கே வேலைக்கிருக்கும் ஆளுக்குத் தெரியும், தமிழ் தெரியாது. ஃப்ளெக்ஸ் வரிவரியாகத்தான் வெளியே வரும். கறுப்புப் பட்டை வந்திருந்தது. கண்ணீர் அஞ்சலி வந்திருந்தது. எங்கள் சுயம்பு என்பதும் வந்திருந்தது. படம் இன்னும் வரவில்லை. வருகிற வரைக்கும் அவர் நிற்கவுமில்லை. மெஷினின் கரன்ட் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி அலறினார்.

யோசித்திருந்தால் புரிந்திருக்கும். அன்று என்ன தேதி, யாருடைய நினைவு நாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டு வந்தவளிடம் யோசனையை எதிர்பார்ப்பது எப்படி? முத்துசெல்வம் ஈர முகத்தோடு ஓடிவந்து சொன்னது ஒன்றுதான். "கை தவறிப் போச்சு தாயி."

பையன் பிழைத்துவிட்டான். வெளுத்துப்போய், கழுத்தெலும்பு தெரிய வீட்டுக்கு வந்தான். ஆனால் பெரியப்பாவின் பெயர் பிழைக்கவில்லை. அண்ணன் செய்வினை வைத்துவிட்டார் என்று சந்தே பேசியது. தங்கப்பழத்துக்கு அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. சாதியாவுக்கு போன் போட்டார். "எப்படி வந்துச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லும்மா. எனக்கு அது தெரிஞ்சா போதும்."

சாதியா சந்தின் நடுவில் நின்றுகொண்டார். இரண்டு கடைகளிலும் கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னார். "மொதல்ல தம்பி கடையில போடுங்க. ம். இப்ப அண்ணாச்சி கடையில." முத்துசெல்வத்தின் கம்ப்யூட்டரில் செய்தி வந்தது. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு இரண்டையும் அணைத்து, மாற்றிப் போடச் சொன்னார். இப்போது அண்ணன் கம்ப்யூட்டர் வாய் திறக்கவில்லை, எதிரில் இருப்பது செய்தி சொன்னது. "பாத்தீங்களா? ரெண்டுக்கும் ஒரே பேரு. தப்பு என்மேலதான், நான்தான் வச்சேன். பிந்திப் போட்டவர் அனுப்புனது முந்திப் போட்டவர் கடைக்குப் போவும். இதுல சூனியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பேர மாத்தணும், இல்லன்னா இந்த வயர அறுக்கணும். அவ்வளவுதான்."

கூட்டம் கலைகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் உமாமகேஸ்வரி வாசலிலிருந்து கேட்டார்.

"அப்படின்னா மொதல்ல போட்டா பேரு அவருக்குத்தான வரும்?"

"ஆமா அக்கா."

"எங்களுக்கு முந்தியே வந்து கடையத் தொறந்து வச்சிருக்காரு. அப்புறமும் நாங்க போடுத வரைக்கும் தெனமும் காத்துக் கெடந்தாரு. எதுக்கு? பிந்திப் போட்டா எங்க கடைக்குள்ள வரும்னு தெரிஞ்சுதான? ஒரு பேரு போச்சு, இன்னொண்ணும் போவட்டும்னுதான?"

சரி செய்ய வந்த இடத்தில் சாதியாவே சாட்சி சொல்லிக் குற்றத்தை நிறுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் முத்துசெல்வத்தைப் பார்த்தார்கள். அவர் கழுத்துக் கயிற்றை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். தங்கப்பழம், "அண்ணே, ஏதாவது சொல்லுண்ணே" என்றார். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. அண்ணன் தன் கடைக்குள் திரும்பி நடந்தார். தம்பி ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைக்குள் வந்ததும் சாதியா பிடித்துக்கொண்டார். "ஏன் அண்ணாச்சி? நீங்க மொதல்லயே போட்டுருக்கலாம்லா? ஏன் காத்துக் கெடந்தீங்க?"

"நான் மொதல்ல போட்டா அது ஒண்ணும் பேசாது பிள்ள."

சாதியாவுக்கு முதலில் விளங்கவில்லை. முத்துசெல்வம் திரையைக் காட்டினார். "பிந்திப் போட்டாத்தான் சொல்லும். இந்தப் பேருல ஒருத்தன் இருக்கான்னு. தெனமும் காலைல அத ஒரு தடவ பாத்துட்டா, அன்னைக்குப் பொழுது எப்படியோ போயிரும்."

சாதியா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இதச் சொல்லிருக்கலாமே. நான் போய்ச் சொல்லுதேன்" என்று எழுந்தார்.

"ஒக்காரு. சொல்லிராத." அவர் குரலில் முதல் முறையாக அதட்டல். "ஒன் புள்ள பேரப் பாத்துத்தான் நான் காலம் தள்ளுதேன்னு சொன்னா, பெத்தவ சந்தோஷமாவா கேப்பா? அதையும் பயந்துதான கேப்பா. இப்ப என்னப் பிடிக்காது. அது தெரிஞ்சா அந்தப் பயல சந்துக்கே விடமாட்டா."

மேலே வயரின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து ஆடியது.

"வயர அறுத்துருவமா அண்ணாச்சி? அப்ப பேரு ஒங்ககிட்டயே இருக்கும்."

"அதுல கைய வைக்காத. அவனுவ ரெண்டு பேருமா ஏறிக் கட்டுனது." மூக்கை உறிஞ்சினார். "என் கம்ப்யூட்டர் பேர மாத்து. இருக்கவன் பேரு இருக்கட்டும்."

"என்ன பேரு வைக்க?"

"நீயே ஏதாவது போடு. மெஷினுன்னு போடு."

சாதியா மாற்றினார். எழுத்தெழுத்தாகப் பழைய பெயரை அழிக்கும்போது முத்துசெல்வம் டீ சொல்லி வருவதாக வெளியே போய்விட்டார். டீ வந்தது, அவர் வர நேரமாயிற்று.

இப்போது பெட்டியில் போடுவது ஒழுங்காகத் தன் மெஷினுக்கே போகிறது. பென் டிரைவ் தேவையில்லை, இருந்தும் அது கழுத்தில் தொங்குகிறது. சந்தில் அவர் பக்கம் ஒதுங்குகிறவர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்கிப் போகிறார்கள். தம்பி பேசுவதில்லை. செய்வினை வைத்தவர் கையால் கல்யாணப் பேனர் அடிக்கலாமா என்று சிலர் மாட்டுங்காவுக்குப் போய்விடுகிறார்கள். அஞ்சலி பேனருக்கு மட்டும் வருகிறார்கள். அவரும் சிரித்தாப்போல் படம் கேட்கிறார்.

கட்டிங் டீ ஆறிவிட்டது. எதிர்த்த ஷட்டர் கடகடவென்று ஏறுகிறது. சின்ன சுயம்பு பெரியப்பாவைப் பார்க்கக் கூடாதென்று அம்மா சொல்லி வைத்திருப்பதால் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போகிறான். உள்ளே நீல வெளிச்சம் தெரிகிறது. முத்துசெல்வம் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சுவிட்சைப் போடுகிறார். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, வேலைக்குத் தயாராக நிற்கிறது.

"சேட், ஹோ கயா", ஆகிவிட்டது என்கிறார் ராம்பிரவேஷ்.

முத்துசெல்வம் சந்துக்கு அந்தப் பக்கம் திரும்பி, அந்த வெளிச்சம் எரிகிறதா என்று பார்க்கிறார். பிறகு தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மறுபடியும் போடுகிறார்.